பழவேற்காட்டில் ஒரு 'ஹால்' உலா

உங்கள் வீட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது எது? டி.வி.யா, சோபாவா, மாலை போட்ட மாமனார் போட்டோவா?

மேற்கு மாம்பலத்தில் என் நண்பர் வீட்டில் முதலில் கண்ணில் படுவது ஒரு மீன்பிடி வலை. (நண்பர் பெயர் வேண்டாம். அவர் மனைவி இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர்.) சோபாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க வலையை விரித்து, அதில் நாலு நட்சத்திர மீன், ரெண்டு சங்கு, குறுக்கே ஒரு குட்டித் துடுப்பு. எல்லாம் பிளாஸ்டிக். மேலே ஒரு மஞ்சள் விளக்கு. இத்தனைக்கும் மனிதர் சுத்த சைவம். கடலோடு அவருக்குள்ள உறவு மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலோடு முடிந்துவிடும்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வலை புதுசா பளபளன்னு நிக்குது. ஒரு நேச்சுரல் லுக் வரலையே" என்று அவருக்கு நெடுநாள் குறை. "பழவேற்காட்டுக்குப் போனா நிஜ வலை கிடைக்கும். நாலு வருஷம் தண்ணியில ஊறினது. சும்மாவே கொடுப்பாங்களாம். வர்றீங்களா?" என்றார்.

எனக்கு வலையில் ஆசை இல்லை. ஆனால் வலையோடேயே வாழ்கிறவர்கள் தங்கள் வீட்டு ஹாலில் எதை மாட்டி வைத்திருப்பார்கள் என்று பார்க்க ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தொற்றிக் கொண்டோம்.

பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். சென்னையிலிருந்து மொத்தமே சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனாலும் பொன்னேரி தாண்டியதும் வேறு தேசம் போல ஆகிவிடுகிறது. வயல், பிறகு உவர் நிலம், பிறகு காற்றில் ஒரு உப்பு. எதிரே வருகிற பஸ்களில் மீன் கூடைக்காரம்மாக்கள் டாப்பைத் தவிர எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரோடு முடிகிற இடத்தில் பஸ்ஸும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தண்ணீர்.

ஏரி என்று சொல்கிறோமே தவிர, இது நம் ஊர் கண்மாய், ஏரி ரகம் இல்லை. கடல் வந்து போகிற உப்பங்கழி. இந்தியாவில் ஒரிஸா பக்கத்து சிலிகாவுக்கு அடுத்து பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நம் பங்குக்கு தெற்கு ஓரம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. அங்கே ராக்கெட், இங்கே இறால். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வந்துவிடும். "அன்னிக்கு ஷோகேஸ் பொம்மையெல்லாம் கிடுகிடுன்னு ஆடும் சார்" என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் சொன்னார். நாட்டின் விண்வெளிச் சாதனையை ஷோகேஸ் பொம்மையை வைத்து அளக்கிற ஊர் வேறு எங்கும் இருக்காது.

நண்பர் வலைக்கு அவசரப்பட்டார். நான் அவரை முதலில் டச்சுக் கல்லறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தொல்லியல் துறை பராமரிக்கிற இடம். வாசல் வளைவிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. 'வருக வருக' என்று கோலம் போடுகிற தேசத்தில் இப்படியும் ஒரு வாசல் அலங்காரம்! உள்ளே கிராம்பு, மிளகு கணக்குப் பார்த்தவர்களும் அவர்கள் மனைவி குழந்தைகளும் பெரிய பெரிய கல் பலகைகளுக்குக் கீழே தூங்குகிறார்கள். எழுத்து வேலைப்பாடெல்லாம் கல்யாணப் பத்திரிகை போல அவ்வளவு நுணுக்கம்.

டச்சுக்காரர்கள் இங்கே காலூன்றியது 1610-ஐ ஒட்டி. 1613-ல் ஜெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். இன்று கோட்டை இருந்த இடத்தில் முள் புதரும் மேடும்தான். 'கோட்டைக்குப்பம்' என்ற பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இத்தனை தூரம் அவர்கள் வந்தது இறால் தொக்கு சாப்பிட இல்லை. துணிக்காக. இந்த வட்டாரத்தில் நெய்த கட்டம் போட்ட துணியும், சாயம் போகாத பூப்போட்ட துணியும் கப்பல் கப்பலாகப் போயின. மலேயாக்காரர்கள் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலியை 'கைன் பெலேக்காட்' என்கிறார்கள். பெலேக்காட் என்றால் வேறெதுவும் இல்லை, நம்ம பழவேற்காடுதான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நெசவாளிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இதே மாதிரி கைக்குட்டை நெய்து, 'புலிகேட்' என்ற பெயரிலேயே விற்றார்கள். டூப்ளிகேட்டுக்கும் ஊர்ப் பெயர்தான்!

இங்கேதான் நம் ஹால் விஷயம் வருகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன பூப்போட்ட துணி ஐரோப்பாவில் பெண்களின் கவுனோடு நிற்கவில்லை. ஜன்னல் திரை, கட்டில் திரை, மெத்தை உறை, நாற்காலி உறை என்று வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளூர் நெசவாளிகள் வயிற்றில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. இங்கிலாந்து 1721-ல் ஒரு சட்டமே கொண்டு வந்தது: அச்சடித்த, சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் கூடாது, வீட்டுச் சாமான்களுக்குப் போடவும் கூடாது. ஹாலில் எந்தத் துணியில் திரை போடலாம் என்று பார்லிமெண்ட் கூடி முடிவு செய்திருக்கிறது, பாருங்கள். நம் வீட்டில் அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இதைவிட ஆச்சரியம் நைஜீரியா. அங்கே நைஜர் நதி கடலில் கலக்கிற இடம் முழுக்கக் கழிமுகம், சதுப்பு, உப்பங்கழி. பழவேற்காட்டை நூறு மடங்கு பெரிதாக்கி, சவுக்குக்குப் பதில் அலையாத்திக் காடு வைத்தால் போல. அங்கே கலபாரி என்று ஒரு மக்கள். ஆதியில் மீன் பிடித்தவர்கள், பிறகு பெரிய வியாபாரிகள். மெட்ராஸ் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்தித் துணி என்றால் அவர்களுக்கு அப்படி ஒரு மதிப்பு. 'இஞ்ஜிரி' என்று பெயர். பெண்கள் அந்தத் துணியை விரித்து வைத்துக்கொண்டு, பிளேடால் குறிப்பிட்ட நூல்களை மட்டும் வெட்டி வெட்டி உருவிவிடுவார்கள். மிச்சம் நிற்கிற நூலில் புது டிசைன் வந்துவிடும். நம் ஆள் நெய்தது பாதி, அவர்கள் பிரித்தது பாதி. வயசானவர் யாராவது காலமானால், குடும்ப வீட்டு அறைகளையே துணியால் அலங்கரிக்கிறார்கள். கட்டில் மேல் விதவிதமாக மடித்து, சுவரிலும் தொங்கவிட்டு, அதில் இந்த இந்தியத் துணிக்கு முக்கியமான இடம். எத்தனை தலைமுறைத் துணி பெட்டியில் இருக்கிறது என்பதில் குடும்ப கௌரவமே அடங்கியிருக்கிறது. நைஜீரியாவில் வேறு சில மக்கள் இந்தியத் துணியை 'ஜார்ஜ்' என்கிறார்கள். நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டைதான் அங்கே போய் ஜார்ஜ் ஆகிவிட்டதாம்!

ஆக, ஊர் ஊராக, கண்டம் கண்டமாக அடுத்தவர் வீட்டு அறைகளை அலங்கரித்த ஊர் இது. இன்றைக்கு இங்கே ஒரு தறிச் சத்தம் கேட்கவில்லை. டீக்கடையில் விசாரித்தேன். "தறியா? அதெல்லாம் ஆரணிப் பக்கம் போய்க் கேளு சார்" என்றார்கள்.

சரி, சொந்த ஹாலை எப்படி வைத்திருக்கிறார்கள்?

கோட்டைக்குப்பத்தில் ஒரு வீடு. தெரிந்த மீன் வியாபாரி ஒருத்தர் சொல்லிவிட்டதால் உள்ளே விட்டார்கள். காங்கிரீட் வீடு, வெளியில் கிளிப்பச்சை, உள்ளே ரோஸ். வீட்டுக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். கயிறு மாதிரி முறுக்கிய கை. "வாங்க சார், குந்துங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளினார். பக்கத்திலேயே மூணு பேர் உட்காரும் சோபா ஒன்று ஜம்மென்று இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"பையன் கல்யாணத்துக்குச் சீர் வந்திச்சு" என்றார் அம்மா. "உறையைப் பிரிச்சா ஆறே மாசம்தான் தம்பி. உப்புக்காத்து துன்னுடும்."

உப்புக்காற்று! நம் ஊரில் வாஸ்து பார்க்கிற மாதிரி இங்கே உப்பு பார்க்கிறார்கள். பீரோ இருக்கிறது, ஆனால் அதன் நாலு காலுக்கும் கீழே செங்கல், செங்கல் மேல் பாலிதீன். இருந்தும் கீழ் விளிம்பில் பொரிப் பொரியாகத் துரு. சுவரில் ஆணி அடித்தால் ஆறு மாசத்தில் அதிலிருந்து காவி நிறத்தில் ஒரு கண்ணீர்க் கோடு இறங்குமாம். அதனால் அடித்த ஆணியை நம்பி ஒன்றுக்கு நாலாக மாட்டி வைத்திருக்கிறார்கள். முதல் ஆணியில் கங்கையம்மன், அதே ஆணியில் காலண்டர், காலண்டருக்குப் பின்னால் கரண்ட் பில், பில்லுக்குப் பின்னால் ரேஷன் கார்டு வைத்த மஞ்சள் பை. சுவரில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. நண்பர் அதைப் பார்த்து, "பாத்ரூம் மாதிரி இருக்கே" என்று என் காதில் கிசுகிசுத்தார். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "சுண்ணாம்பு உரிஞ்சு உரிஞ்சு கொட்டும் சாமி. வருஷா வருஷம் யார் பூசறது? இது துடைச்சா போச்சு" என்றார். நண்பர் அதற்குப் பிறகு அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. பயணத்தின் அமைதியான பகுதி அதுதான்.

காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை, பௌர்ணமிக்கு வட்டம். இடையிடையே சில தேதிகளுக்கு நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. "அது நம்ம பாடு வர்ற நாளு" என்றார் பெரியவர்.

பாடு என்பது பழவேற்காட்டின் பழைய ஏற்பாடு. (பைபிள் பழைய ஏற்பாடு இல்லை!) ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. நல்ல இடம் சிலது, சுமாரான இடம் சிலது. வலுத்தவன் நல்ல இடத்தில் நிரந்தரமாக வலை கட்டிவிட்டால் மற்றவன் கதி? அதனால் பாட்டு உரிமை உள்ள ஊர்க்காரர்கள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துக் கொள்கிறார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம் வந்தால் நாளைக்கு எனக்கு. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, பரம்பரையாக நடக்கிறது. உரிமை இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. அது தனிக் கதை, அடிதடி வரை போன கதை. ஆனால் அந்த ஹாலில் இருந்த விலை மதிப்பான பொருள் சோபாவும் இல்லை, டி.வி.யும் இல்லை. நீலப் பேனாக் குறி போட்ட அந்தக் காலண்டர்தான். அது கண்ணில் படுகிற இடத்தில், வாசலுக்கு நேரே இருந்தது. அம்மன் கொஞ்சம் தள்ளித்தான்.

இன்னொரு மூலையில் பழைய போர்வை போர்த்தி யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பது போல ஒரு உருவம். வயசான தாத்தா என்று நினைத்து நண்பர் கும்பிடு கூடப் போட்டார். போட் என்ஜின்! கரையில் விட்டு வந்தால் மறுநாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தோளில் தூக்கி வந்து ஹாலில் வைத்துவிடுகிறார்கள். குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி அதற்கும் ஒரு போர்வை. கீழே டீசல் சொட்டுவதற்கு ஒரு பழைய தாம்பாளம்.

வலை எங்கே? ஹாலில் இல்லை. வெளியே திண்ணையில். வாசலை ஒட்டி நீளமான சிமெண்ட் திண்ணை, அதன் மேல் கூரைக் கழியில் வலை கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. கீழே போட்டால் எலி கடித்துவிடும். அந்தத் திண்ணையில்தான் ரெண்டு பேர் உட்கார்ந்து வலை ஊசியால் கிழிசல் சரி செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை தூக்கம். அதற்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி. வட்டிக்காரர் வந்தாலும் அங்கேதான், பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் உட்காருவதும் அங்கேதான், ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட வருகிறவரும் அங்கே நின்றுதான் குரல் கொடுப்பார்.

நண்பர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "பழைய வலை ஏதாவது இருக்குமா? காசு கொடுத்துடறேன்."

"இன்னாத்துக்கு சார்? தோட்டத்துக்கு வேலி கட்டவா?"

"இல்லே... வீட்டு ஹால்ல... சுவத்துல மாட்ட. அழகுக்கு."

பெரியவர் ஊசியை நிறுத்தினார். கிண்டல் செய்கிறாரோ என்று ஒரு பார்வை. பிறகு நிஜமாகவே விளங்காமல் கேட்டார். "வலைய செவுத்துல மாட்னா, தொழிலுக்குப் போவலன்னு அர்த்தமாச்சே சார். உங்க வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

நண்பர் முகத்தைப் பார்க்கணுமே! வலை கேட்பதை அத்தோடு விட்டுவிட்டார்.

பழவேற்காட்டின் இன்னொரு பக்கம் முஸ்லிம் தெருக்கள். சில நூற்றாண்டுகளாக இங்கே இருக்கிறவர்கள். தங்கள் முன்னோர் அரபு தேசத்திலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழ் தெரிந்த பெரியவர்கள் இன்னமும் உண்டு. சின்னப் பள்ளிவாசலில் நிழலை வைத்து நேரம் பார்க்கிற கல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய வீட்டுக்குப் போனோம். தேக்குத் தூண், நடுவில் முற்றம், முற்றத்தில் வெயில் சதுரமாக விழுகிறது. இங்கே ஹால் அலங்காரமே வேறு. ஆள் படம் ஒன்று கூடக் கிடையாது. ஒரு சுவரில் காபா படம், இன்னொரு சுவரில் அரபு எழுத்து பொறித்த கறுப்பு வெல்வெட், நடுவில் ஒரு பெரிய கடிகாரம். அவ்வளவுதான். கண்ணுக்கு இதமாக இருந்தது. எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிற ஏழு தஞ்சாவூர் பொம்மைகளும் மூணு தாஜ்மகாலும் ஞாபகம் வந்தன.

ஆனால் முற்றத்து ஓரத்தில் தரை முழுக்கக் கலர். சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் தோய்த்த பனை ஓலைக் கீற்றுகள். நடுவே ஒரு பாட்டியம்மா. "வாங்க தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டபடி விரல்கள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பார்க்காமலே பின்னுகிறார். குருத்தோலையை வெயிலில் காய வைத்து, நரம்பை எடுத்துவிட்டு, மெல்லிசாகக் கிழித்து, கொதிக்கிற சாயத்தில் போட்டு எடுத்து, மறுபடி காய வைத்து... மூடி போட்ட பெட்டி, தட்டு, கூடை, விசிறி. வெளியே வேலைக்குப் போகாத பெண்கள் வீட்டுக்குள் இருந்தே சம்பாதிக்க வழி செய்த தொழில் இது. அம்மாவிடம் பெண் கற்றுக்கொள்வாள்.

"உங்க பேத்திக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். பின்ன மாட்டா. அவ கம்ப்யூட்டர் படிக்கிறா" என்றார். குரலில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது.

ஒரு மூடி போட்ட பெட்டி முடிக்க எத்தனை நேரம் என்று கேட்டேன். ஒன்றரை நாள். விற்கிற விலையைக் கேட்டேன். காஸ்ட் அக்கவுண்டிங் படித்த பாவத்துக்கு மனசுக்குள் ஒரு ஸ்டேட்மெண்ட் போட்டுப் பார்த்தேன். ஓலை இவ்வளவு, சாயம் இவ்வளவு, விறகு இவ்வளவு, வாங்கிப் போகிற வியாபாரிக்கு இவ்வளவு. 'கூலி' என்ற வரியில் எழுத ரெண்டு டீக்குக் கூடப் பணம் மிஞ்சவில்லை. இதே பெட்டி சென்னையில் கைவினைப் பொருள் கடையில் கண்ணாடிக்குள் உட்கார்ந்து என்ன விலை சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பாட்டியிடம் சொல்லவில்லை.

அந்த வீட்டு ஹாலில் பாட்டி பின்னிய பெட்டி ஒன்று கூட இல்லை என்பதைக் கவனித்தேன். ரிமோட், கண் கண்ணாடி, மாத்திரை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. கேட்டதற்குச் சிரித்தார். "விக்கிறதுக்குப் பின்னறோம். வீட்டுல வெச்சா கணக்கு ஒண்ணு குறையுமே." நண்பர் ரெண்டு பெட்டி வாங்கினார். பேரம் பேச வாயெடுத்தவரை நான் காலில் மிதித்தேன்.

பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போனால் லைட்ஹவுஸ் குப்பமும் அதை ஒட்டிய மீனவக் குப்பங்களும். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல் திட்டு மேல் ஊர். 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். சுனாமி வந்தபோது இந்தத் திட்டு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே உடம்பு ஒரு மாதிரி ஆகிறது.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரம் முழுக்க வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வீடு 300-லிருந்து 325 சதுர அடி, செலவு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று அரசாங்கம் அளவு நிர்ணயித்தது. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் பத்திரம். அது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஓலைக் குடிசையும் மண் சுவரும் போய் காங்கிரீட் வந்தது. தீப்பிடிக்கும் என்ற பயம் போச்சு. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

அப்படி ஒரு வீட்டுக்குள் போனோம். ஹால், ஒரு பெட்ரூம், சமையல்கட்டு, கக்கூஸ். கட்டினவர்கள் நிச்சயமாக நல்ல மனசோடுதான் கட்டியிருப்பார்கள். ஆனால் பிளான் போட்டவர் ஆபீஸுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு டி.வி. போடுகிறவராக இருந்திருக்க வேண்டும். வாசலைத் தாண்டினால் நேரே ஹால். திண்ணை கிடையாது. முன்னால் ரெண்டு படி, அவ்வளவுதான்.

"வீடு கொடுத்தப்ப சாவியக் கையில வாங்கிகினு உள்ள வந்து நின்னேன்" என்றார் அந்த வீட்டு அம்மா. நாற்பத்தைந்து வயசு இருக்கும், மீன் ஏலத்துக்குப் போகிறவர். "எங்க வூட்டுக்காரர் வலையத் தோள்ல போட்டுகினு பின்னாடியே வந்தாரு. 'எங்க வெக்கறது?'ன்னாரு. நான் இந்த மூலையப் பாத்தேன், அந்த மூலையப் பாத்தேன். எங்க வெச்சாலும் ஆளு படுக்க எடமில்ல. ரெண்டு நாளு ஹால்லயே கெடந்திச்சு. நாத்தம் தாங்கல, புள்ளைங்களுக்கு இருமல். மூணாம் நாளு வெளில போட்டோம். எலி துன்னுடுச்சு. இருவதாயிரம் ரூபா வலை."

"கட்டும்போது உங்களக் கேக்கலையா?"

"கலர் கேட்டாங்க. மஞ்சளா, நீலமான்னு."

மேலே காங்கிரீட், பக்கத்தில் மரமில்லை. சித்திரை மாசம் ஹாலில் உட்கார முடியாது, பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி பன்னிரண்டு மணி வரை கொட்டும் என்றார். மழைக் காலத்தில் வேறு பிரச்சினை. ஏரி ஒரு பக்கம் ஏறும், மேலே ஏற்றி வைக்கப் பரண் போதாது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது டி.வி.யைப் பீரோ மேல் ஏற்றி, அரிசி மூட்டையை டி.வி. மேல் ஏற்றி, அதற்கு மேல் பையனின் பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டை வைத்தார்களாம். ஹாலில் எந்தச் சாமான் எத்தனை முக்கியம் என்று அந்த அடுக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் எங்களை அவர் ஹாலில் உட்கார வைக்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். படிக்கு முன்னால், வீட்டின் முழு அகலத்துக்கும், நாலு சவுக்குக் கழி நட்டு, பனை ஓலை வேய்ந்து ஒரு தாழ்வாரம் இறக்கியிருக்கிறார்கள். தரையில் கடற்கரை மணலையே கொட்டி, சாணி தெளித்து இறுக்கியிருக்கிறது. கழியில் வலை. வலைக்குக் கீழே கயிற்றுக் கட்டில். கட்டிலுக்குக் கீழே ஐஸ் பெட்டி, மிதப்புக் கட்டைகள், ஈயக் குண்டு போட்ட பக்கெட். ஓரத்தில் ஒரு கல் அடுப்பு, சமையல்கட்டு கேஸுக்கு மீன் குழம்பு ருசி வராதாம். தெருவைப் பார்த்தேன். வரிசையாக அத்தனை வீட்டுக்கு முன்னாலும் இதே ஓலைத் தாழ்வாரம். ஒரே மாதிரி கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒவ்வொரு வீடும் இன்னது என்று அடையாளம் தெரிவதே இதை வைத்துத்தான். ஒருத்தர் பழைய பேனர் துணியைக் கூரையாகப் போட்டிருந்தார். அதில் ஒரு தலைவர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நண்பர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடல் காற்று ஓலைக்குள் புகுந்து வந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் வியர்வை துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"இதுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார்.

"கழி வாங்கினதுதான் செலவு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஓலை மாத்தணும். மொகத்துவாரம் தொறந்து கெடந்தா மீனு வரும், மாத்திடுவோம். மண்ணு அடைச்சிகிச்சுன்னா ஓலையும் இல்ல, டி.வி. தவணையும் இல்ல."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் வந்து வலையை மடியில் இழுத்துப் போட்டு ஊசியை எடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா பூண்டு உரிக்க முறத்தோடு வந்து உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர். ஒரு பெண் குழந்தை வீட்டுப்பாட நோட்டை ஐஸ் பெட்டி மேல் விரித்தது. எட்டு பேர் சேர்ந்தாகிவிட்டது, உள்ளே ஹாலில் ஒரு ஈ காக்கை இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். ஹாலில் டி.வி. ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அதன் முகம் ஹாலைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாக வெளியே, தாழ்வாரத்தைப் பார்த்தபடி திருப்பி வைத்திருந்தார்கள். ஏழு மணிக்கு சீரியல் பாட்டு ஆரம்பித்தது. வீட்டுக்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சவுண்ட கொஞ்சம் வைம்மா, காத்துல கேக்கல" என்றார். குழந்தை எழுந்து, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, சத்தத்தைக் கூட்டியது.